முத்தையன்கட்டுப் பிள்ளைக்கு விமான நிலைய டிப்ளோமா எதற்கு?

போன வியாழக்கிழமை முல்லைத்தீவு முத்தையன்கட்டில் இருந்து ஒரு அம்மா, தொழில் வழிகாட்டல் கேட்டு மகளோடு என்னிடம் வந்தார். மடியில் பிளாஸ்டிக் கோப்பு. அதற்குள் பிறப்புச் சான்றிதழ், உயர்தரப் பெறுபேறு, கொழும்பில் உள்ள ஒரு தனியார் கல்லூரியின் விளம்பரத் தாள். விமான நிலைய முகாமைத்துவ டிப்ளோமா, ஒரு வருடம், 650,000 ரூபாய். முதல் தவணையைக் கனடாவில் இருக்கிற மாமா அனுப்புவாராம். மிச்சத்துக்கு அம்மாவின் காப்புகளை அடைவு வைக்க யோசனை.

"சேர், ஸ்ரீலங்கனுக்குள்ள போயிட்டா கவுண்மென்ட் வேலை மாதிரித்தானாம். பென்சன் வரைக்கும் பயமில்லை எண்டு தம்பி சொல்றான்" என்றார்.

முதலில் ஆறுதலாகத்தான் பேசினேன். பிள்ளை பொறியியல் தொழில்நுட்பப் பிரிவில் மூன்று பாடமும் சித்தி. பல்கலைக்கழக அனுமதிக்கு இசட் புள்ளி போதவில்லை, அவ்வளவுதான், கலங்க வேண்டாம் என்றேன். ஆனால் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்த பிறகு, ஆறுதல் சொல்லியே அனுப்பி வைக்க மனம் வரவில்லை. அன்று சொன்னதையும் நேரம் போதாமல் விட்டதையும் இங்கே எழுதுகிறேன். வேறு வீடுகளிலும் இதே தாள் மேசையில் கிடக்கிறது என்று எனக்குத் தெரியும்.

அம்மா, முதலில் அந்தப் பென்சன் கதை. ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ் அரசுக்குச் சொந்தமான கம்பனி, அரச திணைக்களம் அல்ல. அங்கே வேலை செய்கிறவர்களுக்கு அரச ஓய்வூதியம் கிடையாது. ஊழியர் சேமலாப நிதியும் ஊழியர் நம்பிக்கை நிதியும்தான். கிளிநொச்சியில் முறையாக நடக்கிற ஒரு கடையில் வேலை பார்த்தாலும் சட்டப்படி அதே நிதிதான் கட்டுவார்கள்.

அடுத்தது, அந்தக் கம்பனியின் நிலைமை. 1979இல் எயார் லங்காவாகத் தொடங்கியது. 1998இல் எமிரேட்ஸ் பங்கு வாங்கி, பத்து வருடம் நிர்வாகத்தையும் நடத்தியது. 2008இல் அந்த ஒப்பந்தம் முடிந்தது. 2010இல் எமிரேட்ஸின் பங்கை அரசே திருப்பி வாங்கிக்கொண்டது. அதற்குப் பிறகு நட்டத்துக்கு மேல் நட்டம். ஏ350 ரக விமானங்களுக்கு ஓடர் கொடுத்தார்கள், பிறகு வேண்டாம் என்று ரத்துச் செய்யவும் பெருந்தொகை கட்டினார்கள். அரச வங்கிகளுக்குக் கடன், பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்குக் கடன். அரசின் உத்தரவாதத்தோடு வெளிநாட்டில் எடுத்த 175 மில்லியன் டொலர் பிணைமுறிக் கடன் வேறு.

விமானத்துக்கு வாடகை, எரிபொருள், உதிரிப்பாகம் எல்லாம் டொலரில். 2022இல் ரூபாய் சரிந்தபோது எங்கள் வீடுகளில் மா, சீனி, மண்ணெண்ணெய்க்கு என்ன நடந்ததோ அதுவே அங்கேயும் நடந்தது. அந்த ஆண்டு மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் மட்டும் நட்டம் 160 பில்லியன் ரூபாய்க்கு மேல். பிறகு விற்கப் பார்த்தார்கள், 2024இல் ஆறு தரப்புகள் விண்ணப்பித்தன, ஒன்றும் சரிவரவில்லை. அந்த வருடம் வந்த புதிய அரசாங்கம் விற்காமல் சீர்திருத்துவதாகச் சொன்னது. நல்லபடி நடக்கட்டும், நாட்டுக்கு ஒரு விமான சேவை வேண்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் கடனை எப்படித் தீர்ப்பது, எத்தனை விமானம் வைத்திருப்பது, எத்தனை பேரை வைத்திருப்பது என்ற கணக்கு ஓடிக்கொண்டிருக்கிற இடத்தை நம்பி, நீங்கள் காப்பைக் கழற்றக் கூடாது.

பலாலி திறந்தாச்சே, வேலை வரும்தானே என்று கேட்டீர்கள். பலாலியில் இருக்கிற யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் 2019இல் திறந்தது உண்மை. சென்னையில் இருந்து முதலில் அலையன்ஸ் எயார் வந்தது, 2024இல் இருந்து இண்டிகோ வருகிறது. வருவது ஏடிஆர் 72 என்ற சிறிய விமானம், அதுவும் இந்தியக் கம்பனிகள். ஒரு மாவட்டத்துப் பிள்ளைகளுக்கே போதுமான வேலை அங்கே இல்லை.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். நெருக்கடி முற்றியபோது ஸ்ரீலங்கனை விட்டுப் பல விமானிகளும் பொறியியலாளர்களும் வேறு நாடுகளுக்குப் போனார்கள். அவர்கள் கையில் இருந்தது உரிமமும் தொழிலும். அது எங்கே போனாலும் செல்லும். கவுண்டரில் நிற்கப் பழக்கும் ஒரு வருட டிப்ளோமா அப்படிச் செல்லாது. இயந்திரம் தெரிந்தவர்களைத்தான் வெளியில் கூப்பிட்டார்கள் என்பதை உங்கள் தம்பிக்கும் சொல்லுங்கள். ஏனென்றால் உங்கள் வீட்டிலேயே இயந்திரம் தெரிந்த ஒருத்தி இருக்கிறாள்.

"உனக்கு என்ன பிள்ளை விருப்பம்?" என்று கேட்டேன். நீங்கள்தான் பதில் சொன்னீர்கள். பிள்ளை கையை மேசைக்குக் கீழே இழுத்துக்கொண்டது. நகக்கண்ணில் கறுப்பு. வரும்போது உரஞ்சிக் கழுவச் சொன்னீர்களாம், போகவில்லை. அப்புறம் மெதுவாக ஒரு சீ.ஆர். கொப்பியை எடுத்து நீட்டியது. ஊரில் யார் யாருடைய வாட்டர் பம்ப் பழுதாகி வந்தது, என்ன குறை, என்ன செய்தது என்று திகதியோடு எழுதியிருக்கிறது. "பிளக் கறுத்திருக்கு, மண்ணெண்ணெய்க்கு மாத்த முதல் எஞ்சின் சூடாகேல்லை." அதற்குக் கீழே காபரேட்டரின் மிதவையைப் பென்சிலால் வரைந்து, ஊசி எங்கே தேய்ந்திருக்கிறது என்று அம்புக்குறி போட்டிருந்தது. சந்தியில் கராஜ் வைத்திருக்கிற சித்தப்பாவிடம் பார்த்துப் பழகியதாம். இருபத்தைந்து வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். தான் செய்ததை இப்படி எழுதி வைத்த பிள்ளைகள் எனக்குக் குறைவாகத்தான் வந்திருக்கிறார்கள்.

இந்தப் பிள்ளைக்கு நான் சொல்வது அறிவியல் நகர். முத்தையன்கட்டில் இருந்து ஒட்டுசுட்டான், மாங்குளம், அங்கே ஏ9இல் ஏறினால் முறிகண்டி தாண்டி வருகிற இடம். அங்கே இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவகம் இருக்கிறது. தெற்கில் 1959இல் தொடங்கிய ஜேர்மன் டெக் என்கிற தொழிற்பயிற்சி நிறுவகத்தின் பெயர் எல்லோருக்கும் தெரியும். கிளிநொச்சியில் 2016இல் ஜேர்மன் உதவியோடு திறந்த இதைப் பக்கத்தில் இருக்கிற நாங்களே மறந்துவிடுகிறோம். வாகனமும் விவசாய இயந்திரமும், இயந்திரவியல், மின்சாரம், கட்டுமானம், உணவு, தகவல் தொழில்நுட்பம் என்று பிரிவுகள். பிள்ளைக்கு முதலாவதுதான் பொருத்தம்.

அங்கே கிடைப்பது தேசிய தொழில் தகைமை, என்.வி.கியூ என்பார்கள். நாலாம் மட்டம் என்றால் ஒரு வேலையைத் தனியாக நின்று முடிக்கக்கூடிய ஆள் என்று அர்த்தம். பரீட்சைத் தாளை மட்டும் பார்த்துக் கொடுக்க மாட்டார்கள். மதிப்பீட்டாளர் முன்னால் கழற்றிப் பூட்டிக் காட்ட வேண்டும், ஒரு வேலைத்தளத்தில் பயிற்சியும் செய்ய வேண்டும். ஐந்தாம் மட்டம் டிப்ளோமா, ஆறாம் மட்டம் உயர் டிப்ளோமா. ஏழாம் மட்டம் பட்டம், அதற்கு இரத்மலானையில் தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. இசட் புள்ளி அடைத்த கதவுக்கு இப்படி ஒரு பக்க வழி உண்டு. முழுநேரக் கற்கைக்குப் பாடக் கட்டணம் இல்லை. சாப்பாடு, பயணம், உடுப்புச் செலவு வரும். விடுதியில் இடம் கிடைக்குமா என்று விண்ணப்பிக்கிற அன்றே கேளுங்கள்.

படித்து முடித்தால் வேலை எங்கே என்றால், கண்ணுக்கு முன்னாலேயே. காலபோக அறுவடை நேரம் வயலுக்கு நடுவில் மெசின் நின்றுவிட்டால், பார்க்க ஆள் வரும்வரை நெல் மழைக்குக் காத்துக் கிடப்பது உங்களுக்குத் தெரியாததா? உழவு இயந்திரம் விற்கிற கம்பனிகளுக்கு ஆள் வேண்டும், அரிசி ஆலைகளுக்கு வேண்டும். மன்னாரில் தம்பபவனி காற்றாலையில் 30 விசிறிகள் சுற்றுகின்றன, 103.5 மெகாவாட், 2020 கடைசியில் திறந்தது. அதற்குள்ளும் தாங்கி, பிரேக், ஹைட்ரோலிக் என்று கழற்றிப் பூட்ட வேண்டிய சாமான்தான். மின்சாரப் பிரிவுப் பாடங்களையும் பிள்ளை கொஞ்சம் சேர்த்துப் பிடித்தால் அந்தப் பக்கமும் கேட்டுப் பார்க்கலாம்.

பிறகு ஒருநாள் விமானத்தையே கழற்ற ஆசை வந்தால் அதுவும் தப்பில்லை. விமானப் பராமரிப்பு உரிமத்துக்குத் தனிப் பரீட்சைகள், தனி அனுபவ வருடங்கள் உண்டு, கணிதமும் பௌதிகமும் ஆங்கிலமும் வேண்டும். அது நீண்ட, செலவான பாதை. கையில் தொழிலும் உழைப்பும் வந்த பிறகு பிள்ளையே முடிவெடுக்கட்டும்.

பொம்பிளைப் பிள்ளை கிறீஸ் பூசிக்கொண்டு நிற்பதா என்று உறவுகள் கேட்கும் என்றீர்கள். கேட்கட்டும். பிள்ளையின் அப்பாவைக் கொண்டுபோன வருடத்தில் இருந்து நீங்கள் தனியாக வயல் செய்து, பம்ப் இழுத்து, இந்தப் பிள்ளையை வளர்த்தபோது கேட்காதவர்கள் இப்போது கேட்பதற்கு நீங்கள் பதில் சொல்லத் தேவையில்லை. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

காசு விஷயத்திலும் அப்படித்தான். காப்பு அடைவுக்குப் போகக் கூடாது. நுண்கடன்காரரிடம் கையெழுத்து வைக்கவே கூடாது. வாராவாரம் வாசலில் வந்து நிற்கிற கடனால் எங்கள் ஊர்ப் பெண்கள் பட்டது போதும். மாமாவின் காசை வேண்டாம் என்று சொல்ல வேண்டாம். அது பிள்ளையின் பெயரில் வங்கியில் கிடக்கட்டும், கருவிப்பெட்டி வாங்கவும் ஆங்கில வகுப்புக்கும் உதவும். அவருக்குக் கோபம் வந்தால் என் இலக்கத்தைக் கொடுங்கள், நான் பேசுகிறேன். அந்தக் கல்லூரியில் ஏற்கெனவே ஏதும் கட்டியிருந்தால் பற்றுச்சீட்டைக் கொண்டு வாருங்கள். அவர்களின் கற்கைநெறி மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவா என்பதையும் பார்த்துவிடலாம்.

வருகிற புதன்கிழமை காலை பஸ்ஸில் வாருங்கள். அறிவியல் நகரில் இறங்கிப் போன் பண்ணினால் நானும் அங்கே வருகிறேன், பட்டறையைப் பிள்ளை ஒருக்கால் கண்ணால் பார்க்கட்டும். பெறுபேற்றுத் தாளும் பிறப்புச் சான்றிதழும் மறக்க வேண்டாம். அந்த சீ.ஆர். கொப்பியும் கட்டாயம் வர வேண்டும், நேர்முகத்தில் காட்ட அதுதான் வேண்டும். நகத்தை உரஞ்சிக் கழுவ வேண்டாம்.