பெயரைத் தேய்த்துக் கொடுத்த பாத்திரம்

கேள்வி: எனக்கு 28 வயது. ஊர் மன்னார்குடி. விஸ்காம் படித்துவிட்டு நான்கு வருடமாக வீட்டிலிருந்தே லோகோ, பிராண்டிங் வேலை செய்கிறேன். இதுவரை 200 லோகோ போட்டிருப்பேன். அரிசி மண்டி, ஸ்வீட் ஸ்டால், ஜவுளிக்கடை, டியூஷன் சென்டர் எல்லாம் உண்டு. 1,500 ரூபாய்க்கு மேல் கேட்டால் முகம் சுளிக்கிறார்கள். ஒருமுறை வந்தவர் மறுபடி வருவதில்லை. இப்போது போனில் ஒரு ஆப் இரண்டு நிமிடத்தில் லோகோ தருகிறது. நைக்கி மாதிரி பெரிய கம்பெனிக்குச் செய்தால்தான் மதிப்பு என்கிறார்கள் நண்பர்கள். சொந்தக்காரர்களுக்குச் சும்மாவே செய்துகொடுக்கிறேன். மாமா தவறிய பிறகு பட்டுக்கோட்டை அத்தை தன் பெயரிலேயே மசாலாப் பொடி ஆரம்பித்தார்கள். அவர்களுக்குக்கூட, இங்கே ஒரு அரிசி மண்டிக்காக மூன்று ராத்திரி உட்கார்ந்து வரைந்த நாச்சியார்கோயில் குத்துவிளக்கையே பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை. தங்கைக்குத் தை மாதம் கல்யாணம். பெங்களூரு ஏஜென்சி ஒன்றில் கூப்பிடுகிறார்கள். போகட்டுமா? இந்தத் தொழில் கடைசிவரை சோறு போடுமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: தம்பி, இதே குறையோடு எனக்கு வந்த கடிதங்களை அடுக்கினால் ஒரு அலமாரி நிறையும். போட்டோகிராபர், டெய்லர், பந்தல்காரர், எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: ஊர்க்காரர்கள் காசு தர மறுக்கிறார்கள், வெளியூர் போனால் மதிப்பு வருமா? உங்கள் திறமை வீண்போகாது, காலம் வரும் என்று எழுதி ஒரு பக்கத்தை நிரப்ப எனக்கு மனமில்லை. நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியில் என் கண் நின்றுவிட்டது. ‘பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்தேன்.’ அதைப் புண்ணியக் கணக்கில் வேறு சேர்த்திருக்கிறீர்கள்.

எங்கள் அப்பா கும்பகோணத்தில் பாத்திரக்கடை வைத்திருந்தார். கடை வாசலில் பெயர் வெட்டுகிறவர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். கல்யாணச் சீருக்குக் குடமும் தவலையும் அடுக்குமாக வாங்கியவர்கள் அவர் முன்னால் போய் நிற்பார்கள். அவர் உடனே உளியை எடுக்க மாட்டார். ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டி, பாத்திரம் யாருக்கோ அவரையே பெயரை எழுதச் சொல்வார். லட்சுமியா, லெட்சுமியா? இனிஷியல் அப்பாவுடையதா, வீட்டுக்காரருடையதா? எல்லாம் கேட்டுக்கொண்டு, பாத்திரத்தின் கழுத்தில் பென்சிலால் எழுதிக் காட்டுவார். அவர்கள் தலையாட்டிய பிறகுதான் சின்ன உளியும் சுத்தியும். டிக் டிக்கென்று புள்ளி புள்ளியாக எழுத்து நகரும். வெட்டிவிட்டால் வெட்டியதுதான். தேய்த்து அழித்தாலும் பித்தளையில் அந்த இடம் மட்டும் பள்ளமாக, தனி நிறமாக நின்று காட்டிக்கொடுக்கும்.

ஒருநாள் ஒருவர் பழைய தவலை ஒன்றைக் கொண்டுவந்தார். இருக்கிற பெயரைத் தேய்த்துவிட்டுத் தன் தங்கை பெயரை வெட்டித் தர வேண்டுமாம், வளைகாப்புச் சீருக்கு. அப்பா கல்லாவை விட்டு எழுந்து வந்தார். ‘காசு இல்லேன்னா புதுசைக் கடனா எடுத்துக்கிட்டுப் போங்க. இன்னொருத்தி பேரைத் தேய்ச்சுத் தங்கச்சிக்குக் கொடுக்காதீங்க’ என்றார். எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். அந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டு நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது.

நீங்கள் அத்தைக்குக் கொடுத்தது அந்தத் தவலைதான்.

அத்தை யார்? உங்கள் அப்பாவோடு பிறந்தவர். வருடா வருடம் பொங்கலுக்குக் கரும்பும் மஞ்சள்கொத்தும் பச்சரிசியும் வெல்லமும் எந்த வீட்டிலிருந்து வரும் என்று வாசலைப் பார்க்கிறாரோ, அந்த வீட்டுப் பிள்ளை நீங்கள். கணவர் போன பிறகு, யாரிடமும் கையேந்தாமல் மிளகாயும் மல்லியும் வறுத்து அரைத்து, தன் பெயரையே நம்பி ஒரு தொழிலை ஆரம்பித்திருக்கிறார். பிறந்த வீட்டிலிருந்து போவது சின்னதாக இருக்கலாம், புதிதாக இருக்க வேண்டும். இதில் யாரோடும் வாதம் செய்ய நான் தயாராக இல்லை. காசு கொடுத்த மண்டிக்காரருக்கு மூன்று ராத்திரி விழித்தீர்கள். காசு கொடுக்காத அத்தைக்குப் பெயர் மாற்றும் நேரம்தான் கொடுத்தீர்கள். சும்மா செய்கிறோம் என்ற நினைப்பு வந்ததும் கை எப்படித் தளர்ந்திருக்கிறது பாருங்கள்.

மண்டிக்காரருக்கும் நீங்கள் நல்லது செய்யவில்லை. ஊர் வேறுதானே என்று நினைத்திருப்பீர்கள். மன்னார்குடி அரிசி மூட்டை பட்டுக்கோட்டை மளிகைக்கடையில் இறங்காதா? அதே கடையில் அத்தையின் பாக்கெட் சரமாகத் தொங்காதா? வாங்க வருகிறவர் இரண்டு விளக்கையும் பார்த்து இரண்டும் ஒருவருடைய சரக்கு என்றுதான் நினைப்பார். மூட்டையில் ஒரு வண்டு இருந்தால் மசாலாவுக்குப் பெயர் கெடும்.

தஞ்சாவூர்ப் பெரிய கோயிலுக்கு எத்தனையோ முறை போயிருப்பீர்கள். 1010-இல் குடமுழுக்குக் கண்ட கோயில். ‘நாம் குடுத்தனவும் நம் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்’ கல்லிலே வெட்டச் சொன்னான் ராஜராஜன். எல்லாவற்றையும் தன் கணக்கில் எழுதிக்கொள்ள அரசனால் முடியாதா? அக்கன் குந்தவை கொடுத்தது அக்கன் பெயரில் நிற்கிறது. அங்கே குடியமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்டுகளில், அதாவது கோயிலில் ஆடிப் பாடிய பெண்களில், ஒரே பெயர் பலருக்கு உண்டு. அதனால் எந்த ஊர்த் தளியிலிருந்து, அதாவது கோயிலிலிருந்து, வந்தவர், தெருவின் எந்தச் சிறகில், அதாவது வீட்டு வரிசையில், எத்தனையாவது வீடு என்று ஒவ்வொருவரையும் பிரித்து வெட்டியிருக்கிறார்கள். அடுத்த முறை போகும்போது விமானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். குனிந்து அடித்தளத்தில் அந்த எழுத்துகளைப் பாருங்கள். உங்கள் தொழிலுக்கு அதுதான் பாடசாலை.

சட்டத்தில் இது எங்கே போய் முட்டும் என்றும் சொல்கிறேன். டிரேட்மார்க் பதிவுக்குச் சரக்குகளையும் சேவைகளையும் 45 வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள். அரிசி, மசாலா இரண்டும் 30-ஆம் வகுப்பு. தனிநபர் ஆன்லைனில் விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். பதிவு 10 வருடத்துக்கு, பிறகு புதுப்பிக்கலாம். மண்டிக்காரர் முதலில் போய்ப் பதிந்துவிட்டார் என்று வையுங்கள். பின்னால் அத்தை விண்ணப்பித்தால் அந்த விளக்கைக் காட்டியே ஆட்சேபணை வரும். கட்டிய பணத்தை விடுங்கள், வாடிக்கையாளர் கண்ணுக்குப் பழகிய முகத்தையே அவர் மாற்ற வேண்டிவரும்.

இன்னொன்று. சம்பள வேலையாக இல்லாமல் தனியாக எடுத்துச் செய்கிறவர் வரைந்த லோகோவுக்கு, எழுதிக் கையெழுத்துப் போட்டு மாற்றிக் கொடுக்காதவரை அவரே உரிமையாளர் என்பது 1957-ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டம். எழுதிக் கொடுத்தாலும், காலம் குறிப்பிடாவிட்டால் 5 வருடத்துக்கு என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். அப்படியானால் விளக்கு என்னுடையது, யாருக்கும் கொடுப்பேன் என்று கிளம்பிவிடாதீர்கள். 200 பேர் காசைக் கொடுத்துவிட்டு, தங்கள் கடை முகம் தங்களுடையது என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்காவது ஒரு தாள் எழுதிக் கொடுத்தீர்களா? கடிதத்தில் அந்தப் பேச்சே இல்லை.

நைக்கி என்று எழுதியிருக்கிறீர்கள். அதன் லோகோவான அந்த வளைந்த கோட்டை 1971-இல் வரைந்த கரோலின் டேவிட்சன் அப்போது போர்ட்லாண்டில் படித்துக்கொண்டிருந்த மாணவி. வாங்கியது 35 டாலர். அந்தக் கம்பெனியும் அன்றைக்குச் சின்னதுதான். 1983-இல் அவரைக் கூப்பிட்டு மோதிரமும் பங்குகளும் கொடுத்தார்கள். 35 டாலர்தானே என்று அதே கோட்டை அவர் இன்னொரு செருப்புக் கம்பெனிக்கும் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

ஆப் பற்றிய பயம் எனக்குப் புரிகிறது. அது யாருக்கும் பொருந்துகிற ஒரு படத்தைத் தருகிறது, கீழே பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். நீங்கள் செய்ததும் அதேதான். நான்கு வருடத்தில் 200 என்றால் வாரத்துக்கு ஒன்று. ஒரு பெயரோடு ஒரு வாரம் முழுதாகக் குடியிருக்காதவரிடம் மறுபடி எதற்கு வருவார்கள்?

விளக்கை இரண்டு பேருக்குக் கொடுக்க முடிந்தது, காரணம் அதில் யார் பெயரும் இல்லை. எழுத்தை அப்படிக் கொடுக்க முடியாது. அத்தையின் பெயரை இங்கே அச்சிட மாட்டேன், அதில் ஒரு ‘ஜ’ வருகிறது என்று மட்டும் சொல்கிறேன். அதன் சுழி எவ்வளவு பெரிது, வால் எவ்வளவு தூரம் போகும், பக்கத்து எழுத்தை அது தொடுமா விலகுமா, கடைசி ‘ம்’-இன் புள்ளி எங்கே உட்காரும்? பட்டைத் தூரிகையில் எழுதினால் ஒரு முகம், கூர்முனைப் பேனாவில் எழுதினால் இன்னொரு முகம். ஒரு பெயரை நூறு முறை எழுதிப் பாருங்கள். அந்த எழுத்துகளிலிருந்தே பிறந்த வடிவத்தில் பெயரை மட்டும் மாற்ற யாராலும் முடியாது. ஃபாண்டைப் போட்டுத் தட்டிவிட்டு மேலே ஒரு படம் வைக்கிறவர்கள் இந்த ஊரில் நிறைய. தமிழ் எழுத்தைக் கையால் வரைந்து கொடுக்கிறவர்கள் குறைவு. உங்களுக்கு அந்த இடம் காலியாக இருக்கிறது.

வரைந்தது எங்கே போய் விழப்போகிறது என்றும் பாருங்கள். நெய்த பிளாஸ்டிக் சாக்கில் மெல்லிய கோடு நூலுக்கு நூல் உடையும். பத்து ரூபாய் பாக்கெட்டில் ‘ஜ’-வின் சுழிக்குள் மை அடைத்துக்கொள்ளும். கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கி, கறுப்பு ஒரே நிறத்தில் அச்சடித்துக் கையில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். தரங்கம்பாடிக்கு ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து வந்த தமிழ் அச்செழுத்து பெரிதாக இருந்தது, காகிதத்தைத் தின்றது. 1715-இல் ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு தமிழில் பெயர்த்த பைபிளின் புதிய ஏற்பாடு முழுதாக வெளிவருவதற்குள் பொறையாறில் சின்ன எழுத்தாக வார்த்துக்கொண்டார்கள். ஈயம் போதாமல், பாலாடைக்கட்டி வந்த டப்பாக்களின் ஈயத்தை உருக்கியதாகச் சொல்வார்கள். அந்த ஊர் உங்களுக்கு எட்டாத தூரம் இல்லை.

பெங்களூருக்குக் கல்யாணம் முடிந்து வேண்டுமானால் போய்விட்டு வாருங்கள். உங்கள் வேலையைப் பத்துப் பேர் கேள்வி கேட்கும் இடத்தில் இரண்டு வருடம் இருப்பது நல்லதுதான். இந்தப் பழக்கத்தோடு மட்டும் போகாதீர்கள். ஒரு கம்பெனிக்கு வரைந்ததை இன்னொன்றுக்குத் திருப்பிக் கொடுத்தால் அங்கே அன்றைக்கே வெளியே அனுப்புவார்கள். போவதற்கு முன் ஒரு தடித்த நோட்டு வாங்கி, இதுவரை யாருக்கு, என்ன சரக்குக்கு, எந்தத் தேதியில், எந்த வடிவம் கொடுத்தீர்கள் என்று 200-ஐயும் எழுதுங்கள். எழுதும்போது இன்னும் எத்தனை விளக்கு இரண்டு வீட்டில் எரிகிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். அப்புறம் ஒவ்வொருவராகப் போய் உரிமைத் தாளைக் கொடுங்கள். மறுபடி வரவில்லை என்றீர்களே, நீங்கள் போங்கள். சாக்கில் எப்படி விழுந்திருக்கிறது, பில் புத்தகத்தில் எப்படி வந்திருக்கிறது என்று பாருங்கள். அடுத்த வேலை அங்கேதான் கிடைக்கும். விலையையும் அப்போது கூட்டிக் கேட்கலாம், கொடுப்பார்கள்.

முதலில் மண்டிக்காரரிடம் போய் உண்மையைச் சொல்லுங்கள். திட்டுவார், கேட்டுக்கொள்ளுங்கள். இனி அந்த விளக்கு அவருக்கு மட்டும்தான் என்று எழுதிக் கொடுங்கள்.

அப்புறம் பட்டுக்கோட்டை. தங்கை கல்யாணப் பத்திரிகையோடு சேர்த்து இதையும் முடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். பத்திரிகை வைக்கப் போகிற வீட்டில் இந்த விஷயத்தை வயிற்றில் வைத்துக்கொண்டு தாம்பூலத்தட்டை நீட்டக் கூடாது. அதற்கு முன்னால் தனியாக ஒரு நாள், அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவர் கூடப்பிறந்தவர் வீடு அது. அச்சடித்து மிச்சம் இருக்கிற ஸ்டிக்கருக்கு என்ன செலவானதோ அந்தப் பணத்தைக் கவரில் வைத்து எடுத்துக்கொள்ளுங்கள். பூவும் பழமும் மறக்க வேண்டாம்.

அத்தை ‘பரவாயில்லப்பா, இதுக்குப் போயா வந்தே’ என்றுதான் சொல்வார். அதைக் கேட்டதும் காபியைக் குடித்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். ஒரு காகிதத்தையும் பேனாவையும் அவர் கையில் கொடுத்து, அவர் பெயரை அவரையே எழுதச் சொல்லுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து, அந்த ‘ஜ’-வை எங்கே ஆரம்பிக்கிறார், எங்கே கையை எடுக்கிறார் என்று பாருங்கள்.