மொபைல் லினக்ஸில் மல்டிடச்: கேள்வி பதில்

மல்டிடச் என்பது ஒரே நேரத்தில் பல விரல்களைத் திரை அறிவது. அதைப் பற்றி லினக்ஸ் ஓடும் போனுக்குச் செயலி எழுதுகிறவர்கள் கேட்டவற்றில் சில.

கேள்வி: இரண்டு விரல் வைத்தாலும் ஒன்றுதான் வேலை செய்கிறது. கோளாறு என் செயலியிலா, டிரைவரிலா?

அடியிலிருந்து மேலே வாருங்கள். டெர்மினலில் இவிடெஸ்ட் (உள்ளீட்டுக் கருவிகள் அனுப்பும் நிகழ்வுகளைக் காட்டும் கருவி) ஓட்டி, தொடுதிரையைத் தேர்ந்தெடுத்து, இரண்டு விரலையும் வையுங்கள். ஸ்லாட் என்பது ஒவ்வொரு விரலுக்கும் ஒதுக்கப்படும் இடம், எண் 0-இலிருந்து தொடங்கும்; ட்ராக்கிங் ஐடி அந்தத் தொடுதலின் அடையாள எண். முதல் விரலுக்கு ட்ராக்கிங் ஐடி 45 என்று வந்தால், அடுத்ததற்கு ஸ்லாட் 1, ஐடி 46 என்று வரும். முதல் விரலை எடுத்ததும் ஸ்லாட் 0-இன் ஐடி -1 ஆகும். ஸ்லாட் 1 பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். ஸ்லாட் மாறும்போது மட்டுமே கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) அதன் எண்ணைச் சொல்லும். அதனால் தொடக்கத்தில் ஸ்லாட் 0 என்ற வரியே இல்லாமல் போகலாம், பயப்பட வேண்டாம்.

இவ்வளவும் தெரிந்தால் கர்னல் பக்கம் சரி. கோளாறு மேலே இருக்கிறது. ஸ்லாட் 1 வரவே இல்லையென்றால் டிரைவரையும் திரையையும் பாருங்கள். 2009-இல் வந்த நோக்கியா என்900-இல் இருப்பது ரெசிஸ்டிவ் (அழுத்தத்தை உணரும்) திரை. அது ஒரு புள்ளியைத்தான் சொல்லும். செயலியில் என்ன எழுதினாலும் இரண்டாவது விரல் கிடைக்காது.

கேள்வி: அண்ணா, படம் பார்க்கும் செயலி ஒன்று எழுதுகிறேன். இரண்டு விரலால் பெரிதாக்குவது நன்றாக வருகிறது. ஒரு விரலை எடுத்தால் மட்டும் படம் சட்டென்று தாவுகிறது.

இதைக் கிட்டத்தட்ட எல்லோரும் ஒருமுறையாவது எழுதியிருப்போம். விரல்களை ஒரு பட்டியலில் போட்டு, பட்டியலின் முதல் விரல், இரண்டாம் விரல் என்று கணக்குப் போடுகிறீர்கள், இல்லையா? முதல் விரல் போனதும் இரண்டாம் விரல் முதலிடத்துக்கு வந்துவிடும். செயலியோ அதே விரல்தான் அவ்வளவு தூரம் நகர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறது. விரலை அதன் ஐடியை வைத்து மட்டும் அடையாளம் காணுங்கள், வரிசையை நம்பாதீர்கள்.

அது போதாது. இரு விரலின் நடுப்புள்ளியை வைத்துப் படத்தை நகர்த்துகிறீர்கள் என்றால், ஒரு விரல் போனதும் நடுப்புள்ளி மிஞ்சிய விரலுக்கே தாவிவிடும். அதனால் விரல்களின் எண்ணிக்கை மாறும் ஒவ்வொரு முறையும், அது கூடினாலும் குறைந்தாலும், அப்போதைய இடத்தையும் இடைவெளியையும் புதிய தொடக்கமாகப் பதிந்துகொள்ளுங்கள். அப்புறம் வரும் அசைவை அதிலிருந்து அளந்தால் தாவல் நின்றுவிடும்.

இன்னொன்று: வேலண்டில் (செயலிகளும் திரையை நிர்வகிக்கும் நிரலும் பேசிக்கொள்ளும் நெறிமுறை) ஃபிரேம் என்ற நிகழ்வு வரும்வரை கணக்கைத் தொடங்காதீர்கள். ஒரே நேரத்தில் நகர்ந்த இரு விரல்களும் தனித்தனிச் செய்தியாக வருகின்றன. பாதியில் கணக்கிட்டால் ஒரு விரல் புதிய இடத்திலும் மற்றது பழைய இடத்திலும் இருக்கும்; படம் நடுங்கும்.

கேள்வி: எஸ்டிஎல்2-இல் (விளையாட்டு போன்ற செயலிகள் எழுத உதவும் நிரல் நூலகம்) ஒருமுறை தட்டினால் இருமுறை பதிவாகிறது.

எஸ்டிஎல் தொடுதலிலிருந்து மவுஸ் நிகழ்வையும் உருவாக்கித் தருகிறது. நீங்கள் இரண்டையும் கையாளுகிறீர்கள். டச் மவுஸ் ஈவென்ட்ஸ் என்ற ஹின்ட்டை (எஸ்டிஎல் அமைப்பை) 0 ஆக்குங்கள். விரலின் இடம் பிக்சலில் இல்லாமல் 0-க்கும் 1-க்கும் இடையில் வரும் என்பதையும் கவனியுங்கள்.

கேள்வி: வரைபலகைச் செயலியில் திரையின் ஓரத்திலிருந்து இழுத்தால், விரலை எடுத்த பிறகும் கோடு முடியாமல் தொங்குகிறது. ஏன்?

அந்த இழுப்பைக் கம்போசிட்டர் (எல்லாச் செயலிகளின் சாளரங்களையும் சேர்த்துத் திரையில் காட்டும் நிரல்) தன் வேலைக்கு எடுத்துக்கொண்டது. அப்போது விரல் எடுக்கப்பட்ட செய்தி உங்களுக்கு வராது, கேன்சல் என்ற நிகழ்வு வரும். அது வந்தால் உயிரோடு இருக்கும் எல்லா விரல்களையும் அழித்து, பாதிக் கோட்டையும் நீக்கிவிடுங்கள். பலர் இந்த ஒன்றை எழுதாமலே செயலியை வெளியிட்டுவிடுகிறார்கள், பயனருக்குத்தான் தொல்லை.

கேள்வி: பெரிதாக்கல், சுழற்றல் எல்லாம் லிப்இன்புட்டே (உள்ளீட்டுக் கருவிகளைக் கையாளும் நிரல் நூலகம்) கண்டுபிடித்துத் தருமா சார்?

டச்பேடுக்குத் தரும். தொடுதிரைக்குத் தராது, விரல்களை அப்படியே அனுப்பிவிடும். அதனால்தான் மடிக்கணினியின் டச்பேடில் சோதித்தது போனில் வேலை செய்யாமல் போகிறது, தொடுதிரையிலேயே சோதியுங்கள். சைகையைக் கண்டுபிடிப்பது உங்கள் டூல்கிட்டின் (ஜிடிகே, க்யூட்டி போன்ற, செயலியின் முகப்பை அமைக்கும் நூலகம்) வேலை. ஜிடிகே 3.14 முதல் பெரிதாக்கலுக்கும் சுழற்றலுக்கும் தனிச் சைகைகள் உள்ளன. க்யூட்டியின் முகப்பு மொழியான க்யூஎம்எல்லில் பிஞ்ச்ஹேண்ட்லர் இருக்கிறது. அவை போதுமென்றால் சொந்தமாக எழுத வேண்டாம்.