தென்னை ஓலையில் கரி: மரத்தை வெட்ட வேண்டாம்

கேள்வி: உடுமலை அருகே எங்கள் வீட்டுக் கொல்லையில் நான்கு தென்னை. இரண்டு மாதமாக ஓலையெல்லாம் கரி பூசினாற்போல் இருக்கிறது, கீழே தரையும் பிசுபிசுக்கிறது. மருந்து கட்டுகிறவர் ஒருவர், “நோய் முற்றிவிட்டது, வேரில் மருந்து கட்டணும், இல்லாவிட்டால் வெட்டிவிடுங்கள்” என்கிறார். என்ன செய்வது?

பதில்: இரண்டும் வேண்டாம். கீழ்மட்டை ஒன்றை இறக்கி ஓலையைத் திருப்பிப் பாருங்கள். சுருள் சுருளாக வெள்ளை மாவு ஒட்டியிருந்தால், தட்டியதும் பொடி ஈக்கள் கிளம்பினால், அது சுருள் வெள்ளை ஈ. 2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் தலைகாட்டியது. சாற்றை உறிஞ்சி இனிப்பு நீரைச் சொட்டவிடும். அதன்மேல் படர்வதுதான் அந்தக் கரும்பூசணம். விரலால் தேய்த்தாலே வந்துவிடும். காய்ப்பு கொஞ்சம் குறையலாம், மரம் சாகாது.

வேர் நுனியைச் சீவி மருந்துப் பையைக் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் என்ன மருந்து என்றே சொல்வதில்லை. பாட்டிலைக் காட்டச் சொல்லுங்கள். மோனோகுரோட்டோபாஸ் என்றிருந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். கடும் விஷம் அது. கட்டினால் 45 நாளைக்குக் காய் பறிக்கக் கூடாது. அதை எவர் சொல்கிறார்? மறுவாரமே வீட்டுப் பிள்ளைகள் இளநீர் குடிப்பார்கள். மருந்தடித்தாலும் நஷ்டம்தான்: இந்த ஈயைத் தின்று தீர்க்கும் என்கார்சியா என்ற பொடிக் குளவி முதலில் செத்துப்போகும். வேளாண் அலுவலகத்தில் கேட்கலாம் என்றால், நான்கு மரக்காரருக்கு அங்கே யார் முகம் கொடுக்கிறார்கள்? எத்தனை ஏக்கர் என்பதுதான் முதல் கேள்வி.

மஞ்சள் தாளில் விளக்கெண்ணெய் தடவி மரத்தில் கட்டுங்கள், ஈ ஒட்டிக்கொள்ளும். ஓலையின் அடிப்பக்கம் படும்படி தண்ணீரை வேகமாகப் பீச்சுங்கள். கரி போக, லிட்டருக்கு 25 கிராம் மைதா கரைத்துக் காய்ச்சி, ஆறியதும் தெளியுங்கள். காய்ந்து செதிலாக உரியும்போது கரியும் கூடவே வரும்.

ஒன்றே ஒன்றுக்குப் பயப்படுங்கள். அடிமரத்தைச் சுற்றி வந்து பாருங்கள். செம்பழுப்பாகச் சாறு கசிந்து, கீழ்மட்டைகள் பழுத்துத் தண்டோடு ஒட்டித் தொங்கினால் அது தஞ்சாவூர் வாடல் என்ற பூசண நோய். மாதத்துக்கு ஒரு மட்டை பழுத்து விழுவது இயல்பு, அதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். கசிவு நாளாக ஆகத் தண்டில் மேலே ஏறும். ஒரு சாக்பீஸ் கோடு போட்டுவைத்தால் தெரிந்துவிடும். அடியில் காளான் முளைத்திருந்தால் சந்தேகமே வேண்டாம். அப்போது மரத்தைச் சுற்றி 2 மீட்டருக்குள் ஒரு சத போர்டோ கலவை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்தது) 40 லிட்டர் ஊற்றுங்கள், ஐந்து கிலோ வேப்பம் பிண்ணாக்கும் இடுங்கள். அந்த மரத்துக்குப் பாய்ச்சிய தண்ணீர் மற்ற மூன்றுக்கும் ஓடாமல் தனிப் பாத்தி கட்டுங்கள், மண்வழியே பரவும்.