சப்-ஸ்டேஷன் வடிவமைக்கும் லீட் இன்ஜினியரின் வேலை எப்படி இருக்கும்?

எனக்கு ஊர் கடலூர் முதுநகர். பதினாறு வருடமாக இந்த வேலை. பெரும்பாலும் 110, 230 கிலோவோல்ட் நிலையங்கள். படம் வரைய என் குழுவில் ஆறு பேர் இருக்கிறார்கள். அவர்கள் கொண்டுவரும் ஒவ்வொரு எண்ணையும் பார்த்து "இது எங்கிருந்து வந்தது?" என்று கேட்பதுதான் என் வேலை. கடைசிக் கையெழுத்து நான் போடுவது.

பழைய நிலையத்தின் வரைபடத்தில் பெயரை மட்டும் மாற்றினால் ஆகாதா என்று புதிதாக வருபவர்கள் கேட்பார்கள். ஆகாது. எங்கள் ஊரையே பாருங்கள். உப்பனாற்றங்கரை மண்ணில் உப்பும் ஈரமும் இருப்பதால் கரண்ட் சுலபமாக இறங்கிவிடும். ஆனால் புதைத்த இரும்பை அந்த மண்ணே அரித்துத் தின்னும். அங்கிருந்து கொஞ்ச தூரம் போய் கேப்பர் மலைச் செம்மண் மேட்டில் ஏறினால் எல்லாம் தலைகீழ். இரும்பு தாங்கும், மண்ணின் தடைதான் அதிகம். எர்த் மேட், அதாவது நிலையத்துக்கு அடியில் புதைக்கும் இரும்பு வலை, அதன் கட்டங்களை நெருக்கமாக்கி, மண்ணுக்குள் செங்குத்தாக அடிக்கும் ராடுகளையும் கூடுதலாக இறக்க வேண்டியிருக்கும்.

அப்புறம் கடல் காற்று. இன்சுலேட்டர் மேல் படியும் உப்பு மார்கழிப் பனியில் நனைந்தால், அதன் மேற்பரப்பு வழியாகவே மின்சாரம் பாய்ந்துவிடும். அதனால் கடலோரத்துக்கு கிலோவோல்ட்டுக்கு 31 மில்லிமீட்டர் கிரீபேஜ் (இன்சுலேட்டரின் மேற்பரப்பை ஒட்டி அளக்கும் நீளம்) என்று கணக்குப் போடுகிறோம். 230 கிலோவோல்ட் நிலையத்தின் உச்ச அழுத்தம் 245 என்பதால் 7,595 மில்லிமீட்டர் வரும். 25 என்று கணக்கிட்ட உள்மாவட்டப் படத்தை அப்படியே எடுத்தால் கிட்டத்தட்ட ஒன்றரை மீட்டர் குறையும்.

நான் செய்த தவறையும் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஐப்பசி மழை விட்ட மறுவாரமே ஓர் இடத்தில் நான்கு கம்பி ஊன்றி மண்ணின் தடையை அளந்துவிட்டு வந்தேன். அளவுகள் அழகாக வந்தன. தாளைப் பார்த்த மூத்த பொறியாளர், "சித்திரையில போய் இன்னொரு தடவை அளந்துட்டு வா தம்பி" என்றார். போனேன். ஏறக்குறைய மூன்று மடங்கு காட்டியது. எர்த் மேட்டை முதலிலிருந்து கணக்கிட்டோம்.

இதில் ஏன் இவ்வளவு கவனம் என்றால், ஃபால்ட் (மின்பாதையில் பழுது) வரும்போது ஆயிரக்கணக்கான ஆம்பியர் மண்ணில் இறங்கும். அந்த இடத்தின் மின்னழுத்தமே எகிறும். அந்த நொடியில் ஓர் ஆபரேட்டர் ஐசொலேட்டர் (மின்பாதையைப் பிரிக்கும் சுவிட்ச்) கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம். அவர் கைக்கும் காலுக்கும் இடையே வரும் அழுத்தம் உயிரைப் பறிக்காத அளவுக்குள் இருக்க வேண்டும். கருவிகள் நிற்கும் யார்டில் ஜல்லி பரப்புவது புல் முளைக்காமல் இருக்க என்று பலர் நினைக்கிறார்கள். அந்த ஆளின் காலுக்கும் மண்ணுக்கும் இடையே தடையைக் கூட்டுவதுதான் அதன் முக்கிய வேலை.

மன அழுத்தம் உண்டா என்றும் கேட்டிருந்தீர்கள். உண்டு, எர்த் மேட் குழியை மூடும் நாளில். மண் தள்ளுவதற்கு முன் நானே இறங்கி ஒவ்வொரு வெல்டிங்கையும் பார்த்துவிடுவேன். சாயங்காலம் ஆகிவிட்டது என்று மேஸ்திரி அவசரப்படுத்தினாலும் சரி, டார்ச் அடித்துப் பார்த்த பிறகுதான் மூடச் சொல்வேன்.