சபைக் கந்தோர் வாசலில: வாசகர் கேள்வி பதில்

போன இதழில சோலை வரியைப் பற்றி, அதுதான் வீடு வளவுக்குச் சபை வாங்கிற வரியைப் பற்றி, ரெண்டு பந்தி எழுதினனான், அதுக்கு இவ்வளவு கடிதம் வரும் எண்டு நினைக்கேல்லை. முப்பது வருசத்துக்குக் கிட்ட பிரதேச சபைக் கந்தோரில இருந்து எழும்பினவன் எண்டபடியா, தெரிஞ்சதை மறைக்காமல் சொல்லுறன். சபையளின்ரை பேரைச் சொல்லி முறைப்பாடு எழுதின ஆக்களின்ரை கடிதத்தில அந்தப் பேரை நீக்கிப்போட்டுத்தான் போடுறன்.

கேள்வி: ஐயா, வருசா வருசம் ஒழுங்கா சோலை வரி கட்டுறம். எங்கட ஒழுங்கையில லைட் எரியாமல் ஒரு வருசம், மாரி வந்தா ரோட்டு குளம். கட்டுற காசு எங்கதான் போகுது?
(ஒரு வாசகி, வலிகாமம்)

பதில்: தங்கச்சி, உங்கட கோவம் நியாயம், ஆனா கணக்கை ஒருக்கா வடிவாப் பாப்பம். நாங்கள் கட்டுற சோலை வரியிலதான் சபை முழுக்க ஓடுது எண்டு கனபேர் நினைக்கினம், அப்பிடி இல்லை. பிரதேச சபைச் சட்டம், அதுதான் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம், அதின்படி சோலை வரி எடுக்கிறது அபிவிருத்தியடைஞ்ச பகுதி எண்டு பிரகடனப்படுத்தின இடங்களில மட்டும்தான். ஒரே சபைக்குள்ள ஒரு வட்டாரம் வரி கட்டும், அடுத்த வட்டாரம் ஒரு சதமும் கட்டாது, குப்பை ஏத்திற உழவு மெசின் (டிராக்டர்) ரெண்டு பக்கமும்தான் போகவேணும். எங்கட யாழ்ப்பாண மாவட்டத்தில இருக்கிற 13 பிரதேச சபையளில ஒண்டின்ரை வருமானம் மாதிரி மற்றதின்ரை இல்லை. சுன்னாகம், மருதனார்மடம், திருநெல்வேலி மாதிரிச் சந்தை உள்ள சபைக்குக் குத்தகைக் காசு வரும், தீவுப் பக்கத்துச் சபைக்கு அது எங்க வாறது?

சந்தைக் குத்தகை, கடை வாடகை, வியாபார அனுமதிப்பத்திரம், கட்டட விண்ணப்பக் கட்டணம், இதுகள் சபையின்ரை சொந்த உழைப்பு. அதைவிட ஒரு பெரிய வரவு இருக்கு, சனத்துக்குத் தெரியாதது, முத்திரை வரி. உங்கட ஊரில ஒரு காணி 50 லட்சத்துக்கு விலைப்படுது எண்டு வையுங்கோ, முதல் ஒரு லட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம், அப்ப 1,99,000 ரூபா முத்திரை வரி. அது முதல் மாகாணத்துக்குப் போய் பேந்துதான் சபைக்கு வரும். காணி உறுதியில (பத்திரத்தில) விலையைக் குறைச்சுப் போடேக்க நாங்கள் வெட்டுறது எங்கட ஒழுங்கைக்கு வரவேண்டிய காசையும்தான், இதை நான் கோவத்தோட இல்லை, கவலையோடதான் சொல்லுறன். நீதிமன்றத் தண்டப்பணத்திலயும் ஒரு பங்கு வரும். நிரந்தர ஊழியரின்ரை சம்பளத்தில பெரும்பகுதியை அரசாங்கம் மாகாணத்துக்குள்ளால குடுக்கும். ஆனா உழவு மெசினுக்கு டீசல், ரயர், லைட்டுக்கு பல்ப், தற்காலிகமா எடுக்கிற ஆக்களின்ரை கூலி எல்லாம் சொந்த வருமானத்தில இருந்துதான். கிரவலும் தாரும் விக்கிற விலையில அந்தக் காசு எத்தினை ஒழுங்கைக்குக் காணும் எண்டு நீங்களே யோசியுங்கோ.

இன்னொண்டு, 2023 மார்ச்சில சபையளின்ரை காலம் முடிஞ்சுது, 9ஆம் திகதி நடக்கவிருந்த தேர்தலை காசில்லை எண்டு தள்ளிப்போட்டினம், 2025 மே 6 வரைக்கும் தேர்தல் இல்லை. ரெண்டு வருசத்துக்கு மேல உறுப்பினர் இல்லாமல் செயலாளர்தான் எல்லாம் பாத்தவர். உங்கட லைட் எரியாததைச் சபையில எழும்பிக் கேக்க ஆளில்லாத காலம் அது.

இப்ப ஆள் இருக்கு. லைட்டுக்கு நீங்கள் செய்யவேண்டியது இது. கம்பம் மின்சாரம் வழங்கிறவையின்ரை, விளக்கு பிரதேச சபையின்ரை. கம்பத்தில நம்பர் இருந்தா அதை எழுதி, ஒழுங்கையின்ரை பேரையும் போட்டு செயலாளருக்குக் கடிதம் குடுங்கோ, கொப்பி ஒண்டில திகதி போட்ட சீல் குத்தி வாங்குங்கோ. ரோட்டுக்கு முதல் அது ஆற்றை ரோட்டு எண்டு கேளுங்கோ. ஏ, பி தர ரோட்டெல்லாம் வீதி அபிவிருத்தி அதிகார சபை, சி, டி தரம் மாகாணத்து வீதி அபிவிருத்தித் திணைக்களம், மிச்சம் உள்ள ஒழுங்கையள்தான் பெரும்பாலும் சபைக்கு. மாகாணத்து ரோட்டுக்காக நாலு வருசம் பிரதேச சபைக்கு அலைஞ்ச ஆக்களை நான் கண்டிருக்கிறன்.

வரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. வருசத்துக்கு 1,200 ரூபா உங்கட வரி எண்டா, ஜனவரி 31ஆம் திகதிக்குள்ள முழுக்கக் கட்டினா 10 வீதம் கழிவு, 1,080தான். காலாண்டு காலாண்டாக் கட்டினா, அந்தந்தக் காலாண்டின்ரை முதல் மாசத்துக்குள்ள கட்டினா 5 வீதம், அப்ப 285 ரூபாப்படி நாலு தரம். ஜனவரி 31 அண்டைக்குக் காலமையிலேயே கந்தோர் வாசலில சனம் நிக்கும், கையில போன வருசப் பற்றுச்சீட்டை நாலா மடிச்சு வச்சுக்கொண்டு. அப்பிடி வாற வயசுபோன ஆக்கள்தான் கூட. மாடி வீட்டுக்காரரின்ரை பேர் நிலுவைப் பதிவேட்டில இருக்கும்.

கேள்வி: பக்கத்துக் காணியில மிளகாய் அரைக்கிற மில் ஒண்டு போட்டிருக்கினம். கொடியில போட்ட உடுப்பெல்லாம் சிவப்புத் தூள், மகளுக்கு இளைப்பு. சபையில கேட்டா அனுமதி குடுத்தாச்சு எண்டினம். அயலுக்கு ஒரு வார்த்தை கேக்காமல் குடுக்கலாமோ?
(பேர் வேண்டாம் எண்ட ஒரு தாய்)

பதில்: அம்மா, உங்கட கடிதத்தை ரெண்டு தரம் வாசிச்சன். கடிதத்தோட வச்சு அனுப்பின பிள்ளையின்ரை வெள்ளைப் பள்ளிக்கூடச் சட்டைத் துண்டையும் பாத்தன், கையில தேச்சா இப்பவும் மூக்கு எரியுது.

அனுமதி எண்டு அவை சொல்லுறது எந்த அனுமதி எண்டு முதல் கேக்கவேணும், ஏனெண்டா ஒண்டில்லை. அந்த மில் கட்டடத்துக்குக் கட்டட அனுமதி ஒண்டு. அது வீடு எண்டு எடுத்த அனுமதியா, தொழிலுக்கு எண்டு எடுத்ததா? வீட்டுக்கு எண்டு எடுத்துப்போட்டு மில் ஓடினா அது பாவனை மாற்றம், அதுக்குத் திரும்ப அனுமதி எடுக்கவேணும். ரெண்டாவது, வருசா வருசம் புதுப்பிக்கிற வியாபார அனுமதிப்பத்திரம். மூண்டாவதுதான் உங்களுக்கு முக்கியம், சுற்றாடல் பாதுகாப்பு உரிமம். 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ வாறது. சின்னச் சின்னத் தொழிலுக்கு மத்திய சுற்றாடல் அதிகார சபையின்ரை சார்பில பிரதேச சபையே அதைக் குடுக்கும், பெரிசெண்டா அதிகார சபைதான் குடுக்கும். அந்த உரிமம் சும்மா கடதாசி இல்லை, அதில நிபந்தனை இருக்கும், தூள் வெளியில போகாமல் என்ன செய்யவேணும், சத்தம் எவ்வளவு, எத்தினை மணி வரைக்கும் ஓடலாம் எண்டு. நிபந்தனையை மீறினா உரிமத்தை நிப்பாட்டலாம், ரத்தும் செய்யலாம். வழமையா அயலவரின்ரை சம்மதக் கடிதமும் கேக்கிறவை, அதில உங்கட வீட்டுக்காரரின்ரை கையெழுத்து எண்டு ஏதும் கிடக்கோ எண்டும் பாருங்கோ, நான் இருந்த காலத்தில ஒரு கோப்பில செத்துப்போன ஒருத்தரின்ரை கையெழுத்தைக் கண்டனான், இண்டைக்கும் அது மனசில கிடந்து உறுத்துது.

இந்த மூண்டின்ரையும் பிரதியைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ கேளுங்கோ, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். ஏன் கேக்கிறியள் எண்டு காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் அலுவலருக்குக் குடுத்தா 14 வேலை நாளுக்குள்ள தாறதோ இல்லையோ எண்டு முடிவு சொல்லவேணும். ஏலாது எண்டினமெண்டா குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதுக்கும் மேல கொழும்பில தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. தமிழிலேயே எழுதலாம். அதோட பி.எச்.ஐ.க்கு (பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு) ஒரு முறைப்பாடு எழுத்தில குடுங்கோ, மகளின்ரை மருந்துத் துண்டின்ரை போட்டோக்கொப்பியையும் வையுங்கோ. மில்காரனோடயும் ஒருக்காக் கதைச்சுப் பாருங்கோ அம்மா, அவனும் கடன் எடுத்துத்தான் போட்டிருப்பான், ஊதுபோக்கிக்கு ஒரு தூள் பை கட்டி, சுவரை அடைச்சா பாதிப் பிரச்சினை போகும்.

கேள்வி: அப்பாவின்ரை ரெண்டு பரப்புக் காணியை நாங்கள் நாலு பிள்ளையளும் சமனாப் பிரிச்சு வீடு கட்டப் போறம். படம் கீறுறவர் "பாஸ் ஆகாது" எண்டுறார். சொந்தக் காணியில கட்டச் சபை என்ன தடுக்கிறது?
(வாசகர், வடமராட்சி)

பதில்: ஒரு பரப்பு எண்டா பத்துப் பேர்ச். ரெண்டு பரப்பை நாலாக்கினா ஆளுக்கு அஞ்சு பேர்ச். நகர அபிவிருத்தி அதிகார சபை பிரகடனப்படுத்தின இடமெண்டா, புதுசாப் பிரிக்கிற துண்டு பொதுவா 150 சதுர மீற்றருக்குக் குறையக் கூடாது, அது கிட்டத்தட்ட ஆறு பேர்ச். உங்கட துண்டு 126 சதுர மீற்றர்தான் வரும், அதுக்குள்ள பின்துண்டுக்குப் போக ஒரு பாதையும் விடவேணும். படம் கீறுறவர் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார், காசை வாங்கிக்கொண்டு கீறித் தராமல் விட்டதுக்கு அவருக்கு நன்றி சொல்லுங்கோ.

ஏன் இந்தக் கட்டுப்பாடு எண்டு கேட்டா, எங்கட நிலத்தைப் பாருங்கோ. சுண்ணாம்புக் கல், மேல விட்ட தண்ணி கல்லு வெடிப்புக்குள்ளால நேர கீழ போகும், ஆறு குளம் நம்பி நாங்கள் இல்லை, கிணறுதான். அஞ்சு பேர்ச் துண்டு நாலிலயும் நாலு கிணறு, நாலு மலகூடக் குழி எண்டா ஒருத்தரின்ரை குழி மற்றவரின்ரை கிணத்துக்குப் பக்கத்திலதான் வரும். பி.எச்.ஐ. வந்து உங்கட கிணத்தை மட்டும் இல்லை, வேலிக்கு அங்கால உள்ள கிணத்துக்கும் அளவு பிடிக்கிறது அதுக்குத்தான். சுன்னாகத்தில கிணறுகளில எண்ணெய் கலந்த விசயத்தில 2019இல உயர் நீதிமன்றம் சம்பந்தப்பட்ட மின் கொம்பனியை 2 கோடி ரூபா நட்டஈடு குடுக்கச் சொன்னது, காசு வந்தாலும் கிணத்துத் தண்ணி அண்டையான் தண்ணியா வாறேல்லை.

வழி இருக்கு. மூண்டாப் பிரியுங்கோ, ஒருத்தருக்கு வேற இடத்தில ஈடு குடுங்கோ. இல்லாட்டி பிரிக்காமல் ரெண்டு மாடியா, பொதுக் கிணறு, பொதுக் குழியோட கட்டுங்கோ. சேர்வயரின்ரை பிளான், உறுதி, கட்டட எல்லைக்கோட்டுச் சான்றிதழ், வரிப் பற்றுச்சீட்டு எல்லாம் ஒண்டா வச்சுக் குடுங்கோ. விண்ணப்பத்தைத் தீர்மானிக்கிறது தவிசாளர் (சபைத் தலைவர்) தனிய இல்லை, திட்டமிடல் குழு கூடித்தான், தொழில்நுட்ப உத்தியோகத்தரும் பி.எச்.ஐ.யும் அதில இருப்பினம். அதாலை "தவிசாளரைப் பிடிச்சா சரி" எண்டு சொல்லுற தரகருக்கு ஒரு சதமும் குடாதேங்கோ. கட்டி முடிஞ்ச பிறகு குடிபுகு சான்றிதழ் எடுக்க மறக்கவேண்டாம், வங்கிக் கடனுக்குப் போகேக்கதான் கனபேருக்கு அது ஞாபகம் வாறது. மதிலுக்கும் அனுமதி வேணும், ஒழுங்கைக்குள்ள ஒரு அடி தள்ளிக் கட்டின மதிலாலை அம்புலன்ஸ் திரும்பேலாமல் நிண்டதைக் கண்ணால கண்டனான், அதுக்குப் பிறகும் அந்த மதில் அப்பிடியேதான் நிக்குது.

கேள்வி: அண்ணை கனடாவில. காணிக்குச் சோலை வரி நான்தான் பத்து வருசமாக் கட்டுறன். பற்றுச்சீட்டும் என்ரை பேரில. காணி எனக்கு வருமோ?
(வாசகர், மானிப்பாய்)

பதில்: வராது தம்பி. வரிப் பதிவேட்டில பேர் இருக்கிறது உரித்து இல்லை, வரி ஆரிட்டை வாங்கிறது எண்டதுக்கு மட்டும்தான். உறுதி ஆற்றை பேரிலயோ அவருக்குத்தான் காணி. அண்ணையிட்ட அற்றோணித் தத்துவம் (அவருக்காக நீங்கள் அலுவல் பாக்க அதிகாரம் தாற பத்திரம்) எழுதுவிச்சு வையுங்கோ, கட்டின காசுக்குச் சீட்டெல்லாம் பத்திரமா இருக்கட்டும், சகோதரத்துக்குள்ள கணக்குச் சுத்தமா இருந்தா நல்லது.

கேள்வி: வயல் காணிக்கு மண் போட்டு வீடு கட்டச் சபை அனுமதி தருமோ?
(வாசகி, தென்மராட்சி)

பதில்: சபைக்கு முதல் கமநல சேவை நிலையத்துக்கு (விவசாயக் காணி விசயம் பாக்கிற அரசாங்கக் கந்தோருக்கு) போங்கோ. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி, கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின்ரை எழுத்து மூல அனுமதி இல்லாமல் வயலை நிரப்பக் கூடாது. அனுமதி வராமல் ஒரு லோட் மண்ணும் பறிக்க விடாதேங்கோ, பறிச்ச மண்ணை அள்ளச் சொல்லுவினம், அந்தச் செலவும் உங்கட தலையிலதான். மாரி வெள்ளம் எங்கால ஓடுது எண்டு பக்கத்து வயல்காரரிட்டையும் கேளுங்கோ.

கேள்வி: சபைக் கூட்டத்தை நாங்கள் போய்ப் பாக்கலாமோ? பாதீட்டிலயாவது (வரவு செலவுத் திட்டத்தில) எங்கட வட்டாரத்துக்கு என்ன ஒதுக்கினம் எண்டு அறிய ஆசை.
(வாசகர், வேலணை)

பதில்: பாக்கலாம், செயலாளரிட்டை முன்கூட்டியே கேட்டுப்போட்டுப் போங்கோ. மாசத்துக்கு ஒருக்காவாவது கூட்டம் நடக்கவேணும். இருந்து கேக்கலாம், எழும்பிக் கதைக்க ஏலாது, கதைக்கவேண்டியதை உங்கட வட்டார உறுப்பினரிட்டைக் கூட்டத்துக்கு முதல் எழுதிக் குடுங்கோ. அடுத்த வருசத்துப் பாதீடு வருசக் கடைசியிலதான் வாறது, ஆனா அதுக்கான வேலை அதுக்கு முதலே தொடங்கிடும். நிதியும் கொள்கையும், வீடமைப்பும் சமூக அபிவிருத்தியும், தொழில்நுட்ப சேவை, சுற்றாடலும் வசதியும் எண்டு நாலு குழு இருக்கு, ஒழுங்கைக்குக் கல்லுப் போடுறதோ வாய்க்கால் வெட்டுறதோ முதல் அங்கதான் பேசுப்படும். சபையில கை தூக்கிறது சும்மா விசயம் இல்லை, 2020 டிசம்பரில யாழ் மாநகர சபையில பாதீடு ரெண்டு தரமும் தோத்து முதல்வரின்ரை பதவியே போனது. அதாலை புரட்டாதி, ஐப்பசியிலேயே உங்கட வாசிகசாலையில பத்துப் பேர் கூடி, எந்த ஒழுங்கை, எத்தினை மீற்றர், எத்தினை வீடு எண்டு அளந்து எழுதிக் குடுங்கோ. போகேக்க அளவு நாடாவும் கொண்டு போங்கோ, கண்மட்டத்தில எழுதின நீளத்தை ரி.ஓ. (தொழில்நுட்ப உத்தியோகத்தர்) வந்து அளந்து குறைச்சாரெண்டா ஒதுக்கீடும் குறையும்.