வெறும் நூறு

கேள்வி: ஒரு ஐ.க்யூ. தேர்வு எழுதிப் பார்த்தேன். வெறும் 100தான் வந்தது. தலைமுறைக்குத் தலைமுறை இது ஏறிக்கொண்டே போகிறதாமே! அப்படியானால் என் தாத்தா முட்டாளா?

பதில்: தாத்தா இருக்கட்டும். அந்த 'வெறும்' எதற்கு? ஒரு பெரும் கூட்டத்தைச் சோதித்து, நட்டநடுவில் நிற்பவருக்கு ஒட்டிய சீட்டுதான் 100. பாதிப் பேர் உங்களுக்குக் கீழே நிற்கிறார்கள். 'வெறும்', 'மட்டுமே', 'வெகுவாக' என்பவற்றைக் கட்டுரைகளில் அடித்து அடித்தே என் சிவப்புப் பேனாக்கள் தீர்கின்றன. இப்போது வாசகர்களுமா?

மக்களின் மதிப்பெண் மாற மாற, நடுவில் நிற்பவருக்கே 100 கிடைக்கும்படி அந்தச் சீட்டையும் அவ்வப்போது இடம் மாற்றி ஒட்டுகிறார்கள். 1932க்கும் 1978க்கும் இடையில் அமெரிக்கர்களின் மதிப்பெண் சுமார் 14 புள்ளி ஏறியதை 1984இல் எடுத்துக்காட்டியவர் நியூசிலாந்துப் பேராசிரியர் ஜேம்ஸ் ஃப்ளின். 'ஏறிக்கொண்டே' என்பதும் இப்போது சரியில்லை. நார்வேயில் ராணுவத்துக்கு ஆளெடுக்கும் தேர்வில், 1975க்குப் பின் பிறந்தவர்களின் மதிப்பெண் இறங்கியிருக்கிறது. ஒரே வீட்டு அண்ணன் தம்பிகளுக்குள்ளேயே இறக்கம் தெரிகிறது. ஆகவே பரம்பரையின் மேல் பழி போட முடியாது. அண்ணன்மார்கள் இதைக் கத்தரித்து வைத்துக்கொள்ள வேண்டாம்.

தாத்தாவுக்கு வருவோம். சொல்வளத்திலும் கணக்கிலும் ஏற்றம் கொஞ்சம்தான். கட்டங்களுக்குள் உருவங்களைக் காட்டி 'அடுத்தது எது?' என்று கேட்கும் ரேவன் தேர்வில்தான் எக்கச்சக்க ஏற்றம். கண்ணால் காணாததை 'அப்படி இருந்தால்' என்று வைத்துக்கொண்டு யோசிக்க நமக்குப் பள்ளிக்கூடம் பழக்கிவிட்டது என்பார் ஃப்ளின். இதற்கு அவர் எடுத்துக்காட்டுவது ரஷ்ய உளவியலாளர் லூரியாவை. 1930களின் தொடக்கத்தில் அவர் உஸ்பெக் விவசாயிகளிடம் போய்க் கேட்டார்: "பனி கொட்டும் வடக்கே கரடிகள் எல்லாம் வெள்ளை. நோவாயா ஜெம்ல்யா அங்கேதான் இருக்கிறது. அங்குள்ள கரடி என்ன நிறம்?" வந்த பதிலின் சாரம்: நான் பார்த்தது கறுப்புக் கரடி, பார்க்காததைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.

தேர்வில் இதற்குப் பூஜ்யம். என் அலுவலகத்தில் இதற்கு உடனே வேலை. "கூட்டம் அலைமோதியது" என்று ஒரு நிருபர் செய்தி அனுப்பினார். நிகழ்ச்சியோ முந்தின நாளே ரத்து. "எவ்வளவு பேர்?" என்றேன். "சுமார் ஐயாயிரம்" என்றார், கண் இமைக்காமல். அந்த விவசாயியை அனுப்பியிருந்தால் "மைதானத்தில் ஒரு நாய் படுத்திருந்தது" என்று ஒரே வரி வந்திருக்கும். நாயின் நிறமும் சரியாக இருந்திருக்கும்.