மகனைக் கவுன்சலிங்கில் சேர்த்தால் போதுமா?

கேள்வி: ப்ளஸ் ஒன் படிக்கும் என் மகனைக் கஞ்சாவிலிருந்து மீட்க 2 மாதமாக கவுன்சலிங் அனுப்புகிறோம். உள்ளே என்ன பேசினான் என்று கேட்டால் சொல்வதில்லை. ஆனால், 'நீங்களும் வாரம் ஒருநாள் வாங்க' என்கிறார்கள். பழக்கம் அவனுக்கு, எங்களுக்கு எதற்கு?
– வாசகி, சேலம்

பதில்: வாரத்தில் 168 மணி நேரம். அதில் ஒரு மணி நேரம்தான் ஆலோசகரிடம். மிச்சமெல்லாம் வீட்டிலும் தெருவிலும்தானே? பல வீடுகளில் அப்பா பெல்ட்டை எடுப்பார்; அம்மா அவருக்குத் தெரியாமல் அஞ்சறைப் பெட்டியிலிருந்து இருநூறை எடுத்துக் கொடுப்பார். இரண்டுக்கும் நடுவே உள்ள சந்தில் பையன் பழக்கத்தை ஓட்டிக்கொண்டிருப்பான். அந்தச் சந்தை அடைக்கத்தான் உங்களைக் கூப்பிடுகிறார்கள்.

முதலில் நீங்கள் இருவரும் தனியே பேசி மூன்றே விதிகளை முடிவுசெய்யுங்கள். இரவு 8 மணிக்குள் வீடு, போன் செய்தால் எடுப்பது, கையில் அன்றன்றைய செலவுக்கு மட்டும் பணம் என்பதுபோல. பத்து விதி போட்டால் ஒன்றும் நிற்காது. மீறினால் மறுநாள் மாலை வெளியே போகக் கூடாது, அவ்வளவுதான். 'வீட்டைவிட்டே துரத்திடுவேன்' என்பதை உங்களால் செய்ய முடியாது. அது அவனுக்கும் தெரியும். விதிப்படி இருந்த நாளில் அன்றைக்கே ஏதாவது நல்லது நடக்க வேண்டும்: பிடித்த சாப்பாடு, கூடுதலாக அரை மணி நேரம் கிரிக்கெட். மாதக் கடைசியில் வாங்கித் தரும் செல்போனுக்கு இந்த வலு கிடையாது. (பைக் சாவியை இதில் சேர்க்காதீர்கள். இந்த வயதில் அது அவன் கையில் இருக்கவே கூடாது.)

போதையில் வந்த இரவில் பேச்சே வேண்டாம். மறுநாள் காலை, அவன் சாப்பிட்ட பிறகு, பத்து நிமிடம் போதும். 'நேத்து ஒன்பதே முக்காலுக்கு வந்தே, கண்ணு சிவந்திருந்துச்சு, பயந்துட்டேன்' என்று கண்டதை மட்டும் சொல்லுங்கள். 'நீ உருப்படவே மாட்டே' என்று தொடங்கினால் அவன் காது அங்கேயே மூடிவிடும்.

உள்ளே பேசுவது வெளியே வராது என்ற நம்பிக்கையில்தான் அவன் வாய் திறக்கிறான். தற்கொலை எண்ணம், ஊசி போட்டுக்கொள்வது, அவனை யாராவது துன்புறுத்துவது ஆகியவற்றை மட்டும் ஆலோசகர் கட்டாயம் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று நீங்கள், மகன், ஆலோசகர் எல்லோரும் உட்கார்ந்து பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மகன் போதைப்பொருள் எடுத்தானா என்று பார்க்க, வாராவாரம் கிட் வாங்கி வீட்டிலேயே சிறுநீரைச் சோதிக்கலாமா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: வேண்டாம். தினமும் அதிகமாகக் கஞ்சா புகைத்தவருக்கு, விட்ட பிறகும் சில வாரம் 'பாசிட்டிவ்' வரலாம். நிஜமாகவே விட்ட பிள்ளையை அடித்தால் அத்தோடு கதை முடிந்தது. 'நெகட்டிவ்' வந்தாலும் நம்ப முடியாது. டேபென்டடால் போன்ற வலி மாத்திரை சாதாரண ஓபியாய்டு (அபின் வகைப் போதை) கிட்டில் பொதுவாகத் தெரியாது. சோதனையைப் போதை மீட்பு மையத்திடம் விடுங்கள். வீட்டுக்குப் போலீஸ் தேவையில்லை.

கேள்வி: மகனும் மருமகளும் துபாயில். 17 வயதுப் பேரன் என்னிடம் வளர்கிறான். குடிக்கிறான், சிகிச்சைக்கு வர மறுக்கிறான். காபியில் மாத்திரை கலந்து கொடுக்கச் சொல்கிறார்கள்.
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: அம்மா, அதை மட்டும் செய்யாதீர்கள். குடியை நிறுத்தத் தரும் டைசல்பிரம், அவனுக்குத் தெரியாமல் உள்ளே போய், அதன் மேல் மதுவும் போனால் ரத்த அழுத்தத்தைச் சரித்து உயிருக்கே ஆபத்தாகலாம். அவன் வராவிட்டால் நீங்கள் மட்டும் போய் உட்காருங்கள். சிகிச்சை அங்கிருந்தும் தொடங்கும். 14446 போதை மீட்பு உதவி எண், 14416 மனநல உதவி எண், இரண்டும் இலவசம்.

சிகிச்சை மையத்தில் சேர்க்கும் நிலை வந்தால், 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழ் உள்ளவருக்குச் சட்டப்படியான பாதுகாவலர்தான் விண்ணப்பிக்க வேண்டும். அதனால் மகனிடம் இப்போதே பேசிவிடுங்கள். பெரியவர்களோடு ஒரே அறையில் போடக் கூடாது. பாதுகாவலரோ அவர் அனுப்பும் ஆளோ கடைசிவரை கூடவே தங்க வேண்டும். 'மூணு மாசம் விட்டுட்டுப் போங்க, பார்க்க வராதீங்க' என்று சொல்லும் இடமென்றால், பேரனைக் கூட்டிக்கொண்டு வாசலோடு திரும்பிவிடுங்கள்.